மூல ஓலை எங்கே சார்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்குச் சமீபத்தில் ஒரு கவர் வந்தது. (நண்பர் என்றால் நான்தான் என்று கண்ணடிக்கும் வாசகர்களுக்கு: சத்தியமாக இல்லை. என் கிரெடிட் கார்டு என் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. அதைவிடப் பத்திரமான லாக்கர் எந்த பாங்க்கிலும் கிடையாது.)

தபால்காரர் கவரை நண்பரின் அம்மாவிடம் நீட்டி, "வக்கீல் நோட்டீஸ்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அம்மா ஆடிப்போய்விட்டார். அவருக்குத் தெரிந்து வக்கீல் நோட்டீஸ் என்றால் ஒன்று வரப்புத் தகராறு, இல்லாவிட்டால் விவாகரத்து. பையனுக்கு நிலமும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. முப்பத்து மூன்று வயதில் இப்போதுதான் ஒரு பெண் அமைந்து, வருகிற தை மாதம் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள்.

கவருக்குள் மூன்று பக்கம். மும்பை வக்கீல், கெட்டியான காகிதம், அதைவிடக் கெட்டியான இங்கிலீஷ். 'என் கட்சிக்காரரின் உத்தரவுப்படி' என்று ஆரம்பித்து, 'ஏழு நாட்களுக்குள்' என்று உறுமி, 'தவறினால் சிவில், கிரிமினல் உள்ளிட்ட சகல நடவடிக்கைகளும், தங்கள் செலவிலேயே' என்று முடிந்தது. நடுவில் தடித்த எழுத்தில் தொகை: மூன்று லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம்.

நண்பர் 2014ல் சென்னையில் வேலை பார்த்தபோது, டை கட்டிய ஒரு பையன் ஆபீஸ் வாசலில் நின்று "லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்று ஒரு கார்டைத் தலையில் கட்டினான். அந்தக் கார்டில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை வந்தது. 2017ல் கம்பெனி ஆள் குறைத்தது. குறைந்த ஆட்களில் இவர் ஒருவர். ஊருக்குத் திரும்பினார். கடைசியாக 2017 ஜூலை 10ந் தேதி இரண்டாயிரம் ரூபாய் கட்டினார். அப்போது பாக்கி இருபதாயிரம். அப்புறம் கட்டவில்லை. நம்பர் மாறியது, வேலை மாறியது, கார்டை எலி தின்றதா என்று அவருக்கே தெரியாது.

இருபதாயிரம் எப்படி மூன்றரை லட்சத்தைத் தாண்டியது? நான் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீதம் கூட்டு வட்டி, 84 மாதம். பதினெட்டு மடங்கு! இருபதாயிரத்தைப் பதினெட்டால் பெருக்கினால் மூன்று லட்சத்து அறுபதாயிரம். எந்தத் தேதி வரைக்கும் கணக்கு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று நோட்டீஸில் ஒரு வரி இல்லை. மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான்.

கடலூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்துப் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். துரைமார்கள் இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டார்கள். விழுந்த இடம் வரை கிராமம் கிராமமாக அவர்களுக்குச் சேர்ந்தது. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். பழைய கிரெடிட் கார்டு நோட்டீஸில் உள்ள தொகையும் பெரும்பாலும் இந்த மாதிரி குண்டு விழுந்த தூரம்தான்.

நண்பர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடலூரில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளூர் கோர்ட் வாசலில் நின்றால் அரை மணி நேரத்தில் பெண் வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்று பயம். "சிதம்பரத்துல என் கிளாஸ்மேட்டோட அண்ணன் வக்கீலா இருக்காரு. கூட வர்றீங்களா?" என்றார். கொத்சு சாப்பிட்டு நாளாயிற்று என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டும் வரை பஸ்ஸில் மனிதர் வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "ஜெயில்ல போடுவாங்களா?" என்றார். பக்கத்து சீட்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வக்கீல் வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் நோட்டீஸை வாங்கி, படிக்காமலே கேட்டார்:

"கிழிச்சியா தம்பி?"

"இல்லண்ணே."

"போன் போட்டியா?"

"இன்னும் இல்ல. நாளைக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்னு சொல்லலாம்னு..."

"நல்ல வேளை. நோட்டீஸ் வந்தா ஜனங்க ரெண்டு விதம். ஒருத்தன் கிழிச்சுப் போடுவான். இன்னொருத்தன் போன் போட்டு அழுவான். ரெண்டு பேரும் ஏமாறுவாங்க. கிழிச்சவர் கதை தெரியுமில்ல?"

கோயில் இருக்கும் திசையைக் காட்டினார். பெரிய புராணத்தைச் சேக்கிழார் அரங்கேற்றியது அங்கே ஆயிரங்கால் மண்டபத்தில் என்பார்கள். அதில்தான் இருக்கிறது, எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான பழைய கடன் நோட்டீஸ்.

சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். 'உன் பாட்டன் எனக்கு அடிமை என்று ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், பேரன் நீயும் அதில் அடக்கம், வா என்னோடு' என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து, துரத்திப் பிடித்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. (அந்த ஊர் நம் பழைய தென்னாற்காடு ஜில்லாதான், 1993ல் மாவட்டத்தைப் பிரித்தபோது விழுப்புரத்தோடு போய்விட்டது.) சபையார் சாட்சியம் கேட்கிறார்கள். கிழவர், 'இவன் கிழித்தது வெறும் நகல். மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனார் வேறு சமயத்தில் எழுதி வைத்த ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. அதற்கப்புறம்தான் தீர்ப்பு.

"கவனிச்சியா தம்பி? கிழிச்சதால அவருக்குக் கால் காசு பிரயோஜனம் இல்ல. நகல்தான் போச்சு. ஆனா சபையார் செஞ்சாங்க பாரு, அதுதான் வேலை. மூல ஓலை எங்கே, கையெழுத்து யாருது? நீயும் அதையேதான் கேக்கணும்."

என்னென்ன கேட்பது? கார்டு வாங்கக் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். ஆரம்பத்திலிருந்து மாதாந்திர ஸ்டேட்மென்ட். அசல், வட்டி, அபராதம், வரி எல்லாம் தனித்தனியாக. கடைசியாகப் பணம் வந்த தேதி. நோட்டீஸ் அனுப்பியது பாங்க் இல்லாமல் கடனை விலைக்கு வாங்கிய வேறு கம்பெனி என்றால், அந்தக் கைமாற்றுப் பத்திரத்தின் நகல். இந்தக் காலத்தில் வராக்கடனை மூட்டை மூட்டையாக விற்றுவிடுகிறார்கள். 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், கடனைக் கைமாற்றுவது எழுத்து மூலம்தான் நடக்க வேண்டும் என்கிறது. 'எங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இருக்கிறது' என்பது பத்திரம் ஆகாது.

"கேட்டா கொடுப்பாங்களாண்ணே?"

"பழைய மூட்டையா இருந்தா, பல சமயம் நம்ம ஊர் ரகசியம்தான். திரையை விலக்கினா ஆகாயம்" என்று வக்கீல் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா அதை நம்பி உட்கார்ந்துடாதே. சில பேர் நிஜமாவே எடுத்துக் காட்டிடுவாங்க" என்றும் சொன்னார்.

அடுத்தது தேதிக் கணக்கு. இதுதான் முக்கியம், டீ ஆறினாலும் பரவாயில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதி ஆகும் என்பது நம் பக்கத்தில் வட்டிக்கு விடுகிற பாட்டிக்குக்கூடத் தெரியும். அதனால்தான் மூன்றாவது வருஷம் முடியப் போகும்போது கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து, "ஒரு பத்து ரூவா வரவு வெச்சு, நோட்டு முதுகுல கையெழுத்துப் போட்டுடு" என்பார். போட்டால் இன்னும் மூன்று வருஷம் உயிர். கிரெடிட் கார்டு பாக்கிக்கும் 1963ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷம்தான். அதற்குள் பாங்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சும்மா நோட்டீஸ் அனுப்பினால் கடியாரம் நிற்காது. நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல.

நண்பர் கணக்குப்படி 2017 ஜூலை 10ல் ஆரம்பித்தால் 2020 ஜூலை 10ல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை எந்தக் கெடுவிலும் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆக, லாக்டவுன் வந்தபோது மிச்சம் இருந்த 118 நாளை 2022 மார்ச் 1லிருந்து எண்ண வேண்டும். வக்கீல் காலண்டரைத் திருப்பி எண்ணினார். 2022 ஜூன் கடைசி வாரம். அதற்குள் யாரும் வழக்குப் போடவில்லை.

"அப்ப தப்பிச்சேனாண்ணே?" நண்பர் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"நடுவுல ஏதாவது கட்டினியா? 'பாக்கி இருக்கு, கட்டிடறேன்'னு கடிதம், ஈமெயில், மெசேஜ் எதாவது?"

நண்பர் யோசித்தார். இல்லை என்றார். மறுபடி யோசித்தார். இல்லவே இல்லை என்றார். (இந்த இடத்தில் வக்கீலிடம் பொய் சொன்னால் டாக்டரிடம் வயிற்று வலியை மறைத்த கதைதான்.)

ஏன் அப்படித் துருவினார் என்றால், மூன்று வருஷம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதுசாக மூன்று வருஷம். கையெழுத்தோடு பணம் கட்டினாலும் அப்படியே. கெடு முடிந்த பிறகு ஐந்நூறு ரூபாய் கட்டுவதால் மட்டும் செத்த கடன் எழுந்து உட்காராது. ஆனால் 'பழைய பாக்கியை நான் கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 25வது பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளும். வசூல் ஏஜென்ட் தேன் ஒழுகப் பேசி, "ஒரு ஐந்நூறு மட்டும் போடுங்க சார், ஃபைலை ஹோல்ட் பண்ணி வைக்கிறேன், வாட்ஸ்அப்ல ஒரு கன்ஃபர்மேஷன் மட்டும்" என்கிறாரே, அவர் கேட்பது ஐந்நூறு அல்ல. புரோநோட்டின் முதுகு.

கெடு முடிந்த வழக்கை, எதிராளி சொல்லாவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 3வது பிரிவு சொல்கிறது. அதற்காக சம்மன் வந்தும் வீட்டில் படுத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் போகவில்லை, பாங்க் தன் பக்கத்துத் தேதியைத் தன் இஷ்டப்படி சொல்கிறது, ஜட்ஜ் முன் வேறு காகிதம் இல்லை. எக்ஸ்பார்ட்டி டிகிரி! அதை வைத்து 12 வருஷம் வரை வசூலுக்கு வரலாம். மூன்று வருஷத்துக் கடன் பன்னிரண்டு வருஷத்துச் சனியாகிவிடும். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மிச்ச ஒரு பங்கை ஜப்தி செய்யலாம். அந்த உத்தரவு உங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்கு வரும். அங்கே வந்தால் கேன்டீனுக்கு வந்த மாதிரி.

ஆகவே காகிதம் வந்தால் முதலில் அது என்ன ஜாதி என்று பார்க்க வேண்டும். வக்கீல் அனுப்பிய நோட்டீஸா, கோர்ட் முத்திரை போட்ட சம்மனா, லோக் அதாலத் அழைப்பா, ஆர்பிட்ரேஷன் கடிதமா?

லோக் அதாலத் அழைப்பைப் பார்த்துப் பலர் வெலவெலத்துப் போகிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் சட்டப் பணிகள் குழு நடத்தும்போது பாங்க்குகள் வழக்குப் போடும் முன்பே பழைய பாக்கிக்காரர்களைக் கூப்பிடுவது வழக்கம். அது தண்டனை அல்ல, பேச்சுவார்த்தை. சரிப்படவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வரலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தவணைக்கு வீராப்பாகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

ஆர்பிட்ரேஷன் கடிதம் இதைவிட ஆபத்து, ஏனென்றால் பார்க்கச் சாதுவாக இருக்கும். பாங்க் தானாகவே ஒருவரை நடுவராக நியமித்து, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதி வைத்துவிடும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனியாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆட்சேபத்தை நீங்கள் எழுத்தில் சொன்னால்தானே பிரயோஜனம்? தீர்ப்பு கையில் கிடைத்தபின் அதை ரத்து செய்யக் கோர மூன்று மாதம்தான், தப்பினால் இன்னும் முப்பது நாள்.

எல்லாவற்றிலும் விஷமான ஜாதி, செக் திரும்பிய நோட்டீஸ். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியிருந்தால் அது 138வது பிரிவு. நோட்டீஸ் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் கிரிமினல் கேஸ், இரண்டு வருஷம் வரை சிறை. பாங்க் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அது திரும்பினாலும், 2007ம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் ஏறக்குறைய இதே கதைதான். இந்த ரகம் என்றால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு உடனே வக்கீலிடம் ஓடுங்கள்.

நண்பருடையது வெறும் நோட்டீஸ். ஆனாலும் அதில் '420' என்று ஒரு பிரிவைத் தூவியிருந்தார்கள். நம் ஊரில் திட்டுவதற்குப் பயன்பட்ட அந்த எண், இந்திய தண்டனைச் சட்டத்தோடு 2024 ஜூலை 1ல் ரிடயர் ஆகிவிட்டது. பழைய சம்பவங்களுக்கு மட்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டு இன்னும் வேலை பார்க்கிறது. எப்படியானாலும், வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. வேலை போய்க் கட்ட முடியாமல் போனது மோசடி அல்ல.

ஜெயில் கேள்விக்கும் பதில் கிடைத்தது. 1980லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் பாங்க் ஆஃப் கொச்சினுக்கும் நடந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். கோர்ட் டிகிரி போட்ட பிறகும்கூட, கையில் காசில்லாத ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சிறையில் தள்ளக் கூடாது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்க்கிறவன் கதை வேறு. "அப்ப மஞ்சக் கடுதாசி கொடுக்கணுமா?" என்று நண்பர் கேட்டார். அதற்கான 1920ம் வருஷத்துச் சட்டத்தில் கடன் ஐந்நூறு ரூபாய் இருந்தாலே போதும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் மாசக் கடைசியில் நம் ஆபீஸில் பாதிப் பேர் தகுதியானவர்கள். வக்கீல் முறைத்தார். "கல்யாணத்துக்கு மஞ்சப் பத்திரிகை அடி, போதும்."

பதில் கடிதம் எழுதினோம். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் போட்டே ஆக வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் இல்லை. ஆனால் போடாவிட்டால், 'பாருங்கள், மௌனம் சாதித்தார்' என்று நாளைக்கு எதிராளி கைகாட்டுவார். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம். சாராம்சம் இதுதான்:

'உங்கள் நோட்டீஸ் இந்தத் தேதியில் கிடைத்தது. அதில் சொல்லப்பட்ட எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. விண்ணப்பம், முழு ஸ்டேட்மென்ட், வட்டிக் கணக்கு, கடன் கைமாறியிருந்தால் அதன் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை அனுப்பவும். உங்கள் கோரிக்கை காலவரம்பு கடந்தது என்பது உள்பட எனக்குள்ள எல்லாச் சட்ட ஆட்சேபங்களும் நிலுவையில் உள்ளன. இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது. இனி எழுத்து மூலம் மட்டும் தொடர்பு கொள்ளவும்.'

நண்பர் எழுதி வைத்திருந்த முதல் டிராஃப்ட், 'மதிப்பிற்குரிய ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் அந்தப் பாக்கியைச் செலுத்த இயலாமல் போய்விட்டது' என்று உருக்கமாக ஆரம்பித்தது. வக்கீல் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்த வேகத்தில் காகிதம் கிழிந்தது. கெடு பாக்கியிருக்கும் ஒருவர் இப்படி ஒரு வரி எழுதினால் எதிராளி ஃபிரேம் போட்டு மாட்டுவார்.

ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம் என்று கிளம்பினோம். அது 2025லேயே ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டது என்பதைத் தபாலாபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மணிதான் ஞாபகப்படுத்தினார். டெலிவரி ஆனதற்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் குத்தி வைத்தோம். நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கி எறியக் கூடாது. தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.

வசூல் ஏஜென்ட்கள் விஷயம். காலை எட்டு மணிக்கு முன்னும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னும் கடனுக்காகக் கூப்பிடக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொன்னது. அடியாட்களை வைத்து வசூலிப்பதை 2007லேயே பிரகாஷ் கவுர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்திருக்கிறது. பெண் வீட்டுக்கு யாராவது போன் செய்தால் தேதி, நேரம், நம்பர் குறித்துக்கொண்டு முதலில் பாங்க்குக்கே எழுத்தில் புகார். முப்பது நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன். காசு கிடையாது. வழி தெரியாதவர்களுக்கு 14448 என்று ஒரு நம்பர் இருக்கிறது.

சரி, வாங்கின கடனைக் கட்டாமல் இருக்க வழி சொல்லித் தருகிறாயா என்று சிலர் கடிதம் எழுதப் பேனாவைத் திறப்பது தெரிகிறது. மூடுங்கள் சார். கெடு முடிந்தால் கோர்ட் கதவுதான் மூடுகிறது. கடன் அழிவதில்லை என்பதுதான் சட்டமே. பாங்க் கேட்கலாம், மரியாதையாக. அதே பாங்க்கில் உங்கள் கணக்கு இருந்தால் அதிலிருந்து பிடித்துக்கொள்ளவும் பார்ப்பார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் கறை இருக்கும். கல்யாணமாகி வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசம். முதலில் அதை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன்கூட அதில் குடியிருக்கலாம்.

நண்பர் ஃப்ரிட்ஜ் வாங்கியது நிஜம். அது இன்றைக்கும் ஓடுகிறது. அந்த இருபதாயிரத்தைத் தர அவருக்கும் ஆட்சேபமில்லை. மூன்று லட்சத்து அறுபதைத்தான் கண்டு பயந்தார். என் அபிப்ராயம் கேட்டால், வட்டி என்கிற பெயரில் பதினெட்டு மடங்கு கேட்பது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் என் அபிப்ராயம் கோர்ட்டில் செல்லாது. கிரெடிட் கார்டுக்கு வருஷம் முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பாங்க்குகள் அப்பீல் போயின. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் பாடு என்று. நம் 2003ம் வருஷத்துக் கந்துவட்டிச் சட்டத்தைக் காட்டி பாங்க்கை மடக்கவும் முடியாது. அபராதத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஓரளவு ஆறுதல். கணக்கைத் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது அதற்கும்தான்.

பேரம் பேசுவதாக இருந்தால், பாங்க்கின் லெட்டர்ஹெட்டில் 'இவ்வளவு கட்டினால் முழுப் பாக்கியும் தீர்ந்தது' என்ற கடிதம் முதலில் கைக்கு வர வேண்டும். அதற்கப்புறம் பணம், அதுவும் பாங்க் கணக்குக்கு. ஏஜென்ட்டின் கூகுள் பே நம்பருக்கு அல்ல. பிறகு நிலுவை இல்லை என்ற சான்றிதழ். ரிப்போர்ட்டில் 'செட்டில்ட்' என்று போடுவார்களா, 'க்ளோஸ்ட்' என்று போடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னது, பாதி விலைக்குத் தீர்த்தவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டுகிற சமாசாரம்.

கிளம்பும்போது திண்ணையில் காத்திருந்த ஒரு பையன், அண்ணாமலை நகரில் ஏதோ கடையில் கணக்கு எழுதுகிறவன், தயங்கித் தயங்கி வக்கீலிடம் கேட்டான். அவன் அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். அப்பாவின் கார்டு பாக்கிக்கு மகன் கட்ட வேண்டும் என்று தினமும் போன் வருகிறதாம். "அப்பா கடனைத் தீர்க்காதவன் மகனான்னு கேக்கறாங்க சார்."

அப்பா விட்டுப்போன சொத்து மகன் கைக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் தன் சம்பளத்திலிருந்து ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. தகப்பன், பாட்டன் கடனை மகனும் பேரனும் புண்ணியத்துக்காகவாவது தீர்க்க வேண்டும் என்று இந்து சட்டத்தில் ஒரு பழைய விதி இருந்தது. 2005ல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதன் பிறகு வாங்கிய கடன்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள்.

"அப்ப சுந்தரர் கேஸ்?" என்றேன் நான், சும்மா இருக்க முடியாமல்.

வக்கீல் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தார். "பாட்டன் ஓலை, பேரனைக் கட்டுப்படுத்தாது. லிமிடேஷன் எப்பவோ போச்சு. அடிமைச் சாசனம் வேற. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல அதுவும் செல்லாது. இன்னிக்கு வந்தா முதல் வாய்தாவுலயே தள்ளுபடி பண்ணிடுவேன்."

பிறகு ஃபைலைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "என்ன, தேவாரத்துல ஏழாம் திருமுறை நமக்குக் கிடைச்சிருக்காது."